முன்கண்ணாடி கிடைக்காத கார்

மே மாதத்து மழை ஒன்றில் எங்கள் தெரு மரத்திலிருந்து ஒரு கிளை ஒடிந்து, வாசலில் நின்றிருந்த காரின் மேல் விழுந்தது. முன்கண்ணாடி நடுவில் குழிந்து, முழுக்க விரிசல் விட்டுத் தொங்கியது. பெங்களூர் விவேக் நகரில் எங்கள் தெருவில் செய்தி பரவ நேரம் ஆகாது. சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குக் கிளம்பியவர்கள் குடையோடு வந்து நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். என் கணவர் நனைந்துகொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் வாசற்படியில் நின்றபடி, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷப்படக் காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கண் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டியிருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி அவருடைய ஓரப் பார்வை போய்க்கொண்டிருந்தது. படத்தில் நடுவில் மட்டும் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு. இடது பக்கம் ரொம்பவே கறுப்பு. "வண்டி ஓட்டறதை நிறுத்திடறது நல்லது சார்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் கணவர் சொன்னது இதுதான்: "நல்லதுன்னுதானே சொன்னாரு. கூடாதுன்னு சொல்லலையே." அன்றைக்கும் அவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று வழியிலேயே எனக்கு உத்தரவு.

வீட்டில் அவருக்கு இடது பக்கம் வைத்த டம்ளர் அடிக்கடி தட்டி விழுந்தது. "இதை யாரு இங்க வெச்சது?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் அங்கேதான் வைக்கிறேன். டம்ளர் விழுந்தால் துடைத்துவிடலாம். ரோட்டில் அப்படி முடியாது. அதனால் காரில் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். லெஃப்ட்ல பைக். ஆட்டோ ஒட்டிக்கிட்டு வரான். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்குறாங்க. "தெரியுது, தெரியுது" என்பார். தெரியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இவர் யாரையாவது இடித்துக் கொன்றுவிடுவார் என்ற ஒரே பயத்தோடுதான் நான் ஒவ்வொரு முறையும் அந்த வண்டியில் ஏறினேன். நான் கூட இல்லாமல் அவர் தனியாக எடுத்துப்போன நாட்களில் பயம் இன்னும் அதிகம்.

கார் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியுடையது. பாகங்கள் கப்பலில் வந்து பெங்களூரில் பூட்டப்பட்டவை. கொஞ்ச வருஷம்தான் விற்றார்கள். பிறகு இங்கே பூட்டியவர்களும் கடையை மூடினார்கள், அங்கே அந்தக் கம்பெனியே இல்லாமல் போயிற்று. பின்பக்கம் ஒரு அறை போல நீண்டிருக்கும் வண்டி. மகள் கல்யாணமாகி வைட்ஃபீல்டுக்குக் குடிபோனபோது கட்டிலைக் கழற்றி அதில்தான் கொண்டுபோனோம். அதற்கு முன்பு வைத்திருந்த சின்ன வண்டியும் அதே கம்பெனிதான். வேறு கம்பெனி வண்டியை வாங்குவது என்பது அவரைப் பொறுத்தவரை மதம் மாறுவதைப் போல.

கிளை விழுந்த மறுநாள் ஆஸ்டின் டவுன் மெக்கானிக் வந்து பார்த்தார். அந்த வண்டியைப் பல வருஷமாக உயிரோடு வைத்திருந்தவர் அவர். வேறு எந்த வண்டியின் பாகத்தையாவது கொஞ்சம் ராவி, கொஞ்சம் தட்டி இதில் பொருத்திவிடுவார். கண்ணாடி விஷயத்தில் அவருடைய பாச்சா பலிக்கவில்லை.

"கம்பெனியே போயிட்டான் சார். மத்ததுன்னா ஏதாவது ஜுகாட் பண்ணி ஒப்பேத்தலாம். கண்ணாடிய எப்டி ராவறது?"

சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளில் தேடினார்கள். கோயம்புத்தூரில் யாரோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு என் கணவர் போன் செய்தால், அந்த ஆளும் அதே கண்ணாடியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அன்பாகப் பேசிக்கொண்டார்கள். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் முடிவானபோது எனக்கு உடம்பு லேசானது போல் இருந்தது. வண்டி இல்லை என்றால் ஓட்டுவதும் இல்லை. யாரும் யாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிம்மதி ஜூன் மாதம் வரைக்கும்தான். ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே, "புதுசு ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

மகள் போனில் சண்டை போட்டாள். "எதுக்குப்பா? கேப் இருக்கு, மெட்ரோ இருக்கு. நீங்க ரெண்டு பேரும் எங்க போகப் போறீங்க?"

"மழை பேஞ்சா கேப் வருமா?" என்று கேட்டார். பெங்களூரில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. அவளும் விட்டுவிட்டாள். கண் விஷயம் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். எனக்குச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

பிறகு ஷோரூம் ஷோரூமாக அலைந்தோம். அவருக்கு வேண்டியது பழைய காரைப் போலவே ஒன்று. தாழ்வாக, நீளமாக, நாலு பக்கமும் பெரிய கண்ணாடியோடு. "ஸ்டேஷன் வேகனை யாரும் கேக்கறதில்லை சார், இப்ப எல்லாருக்கும் ஹைட்டா இருக்கணும்" என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். ஏற ஏணி தேவைப்படும் வண்டிகளைக் காட்டினார்கள். அவர் ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, நொட்டை சொல்லிவிட்டு இறங்கினார். எந்த வண்டியாக இருந்தாலும் நொட்டை ஒன்றுதான். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்கி நிற்கிற பில்லர்.

"இவ்ளோ தடியா பில்லர் வெச்சா ரோடு எப்டி தெரியும்? ஓரத்துல வர்றவனே தெரியலையே. என் வண்டியில விரல் தண்டிதான் இருக்கும். எல்லாம் தெரியும்."

அதில் பொய் இல்லை. நான் உட்கார்ந்து பார்த்தபோதும் புது வண்டிகளில் பில்லர் தடியாகத்தான் இருந்தது, பழைய காரில் மெலிசுதான். ஆனால் ஓரத்தில் வருகிறவன் மெலிசான பில்லரிலும் அவருக்குத் தெரிந்ததில்லை. ஒரு ஷோரூமில், பக்கத்தில் வண்டி வந்தால் சைடு மிரரில் மின்னுகிற சின்ன விளக்கைக் காட்டினார்கள். "கண்ணு இருக்கிறவனுக்கு எதுக்கு இது?" என்றார். நான் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கடன் விளம்பரத்தை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

மாரத்தஹள்ளிப் பக்கத்து ஷோரூமில் எங்களுக்குக் கிடைத்த விற்பனைப் பையன் நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டதும் கன்னடத்தை விட்டுவிட்டு, "நானும் தமிழ்தான் மேடம், ஆரணிப் பக்கம்" என்றான். நல்ல பையன். என் கணவரின் நொட்டைகளை எல்லாம் "கரெக்ட் சார், கரெக்ட் சார்" என்று ஒத்துக்கொண்டே டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். உயரமான வெள்ளை வண்டி. என் கணவர் ஸ்டியரிங் முன்னால் ஏறினார். நான் வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறக்கப் போனேன்.

"மேடம், நீங்க பின்னாடி உக்காருங்க. நான் சாருக்கு ஃபீச்சர்ஸ் சொல்லணும்."

என் இடத்தில் அவன் உட்கார்ந்துகொண்டான். நான் பின் சீட்டில், அவனுடைய தலைக்குப் பின்னால். இடது பக்கம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் என் கணவர் உள்ளே மாட்டியிருந்த மிரர் வழியாக என்னை ஒரு தரம் பார்த்தார். நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பையன் பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சர்வீஸ் ரோட்டில் இடது பக்கம் திரும்பும்போது அது நடந்தது. டப் என்று ஒரு சத்தம். சாப்பாடு கொண்டுபோகிற ஒருவனுடைய ஸ்கூட்டர் எங்கள் வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவில் சிக்கி, எப்படியோ காலை ஊன்றி விழாமல் நின்றுவிட்டது. எங்கள் இடது மிரர் மடங்கிப்போயிருந்தது. அந்த ஆள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கன்னடத்தில் கத்தினான்:

"ஏன் குரு, கண் காணல்வா?"

இந்த ஊரில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் பேரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி, கண் தெரியவில்லையா என்று. யாரும் காதில் வாங்குவதில்லை. என் கணவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவன் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்து, ஒன்றும் கொட்டவில்லை என்று தெரிந்ததும் போய்விட்டான்.

"இவனுங்க அப்படித்தான் சார், சந்துல பூந்துடுவானுங்க" என்றான் பையன். என் கணவர் இறங்கினார். பையன்தான் வண்டியைத் திரும்ப ஓட்டினான்.

அடுத்த சில நாட்கள் அவர் காரைப் பற்றிப் பேசவே இல்லை. கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தபோதுகூட எடுக்கவில்லை. எனக்கோ கோபம். அந்த ஸ்கூட்டர்காரன் விழுந்திருந்தால் என்று நினைத்து நினைத்து, பாத்திரங்களை அன்றாடம் வைப்பதைவிடச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் போல வியாழக்கிழமை சர்ச் கூட்டத்தில் தெருவே அடைத்துக்கிடந்தபோது அவர் வாசலில் நின்று, உடைந்த காரைத் தொட்டும் தொடாமலும் போகிற ஜனங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "நாளைக்கு அந்த ஆரணிப் பையன்கிட்ட போலாம்" என்றார்.

போனோம். இந்த முறை உயரமான வண்டிகள் பக்கமே அவர் போகவில்லை. மூலையில் நின்றிருந்த ஒரு சின்ன வண்டியைக் காட்டினார். தாழ்வானது, கியர் மாற்ற வேண்டாதது. இப்படிப்பட்ட வண்டியைத்தான் மகளும் வைத்திருந்தாள். வைட்ஃபீல்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அதைக் காய்கறிக் கடை வரை ஓட்டிக்கொண்டு போவேன். பழைய காரின் கிளட்ச் எனக்குக் கல்லைப் போல இருக்கும், இது அப்படியில்லை. "அது வண்டியா? மிக்ஸி" என்று அப்போது கேலி செய்தவர் இவர்தான்.

"டெஸ்ட் டிரைவ் போலாமா சார்? லைசென்ஸ் குடுங்க" என்று பையன் கையை நீட்டினான்.

"அவங்களோடத வாங்கிக்கப்பா."

"ஏன் சார், நீங்க ஓட்டிப் பாக்கலையா? அன்னைக்கு நடந்தத மனசுல வெச்சுக்காதீங்க சார். அவன் மேலதான் தப்பு."

"இல்லப்பா. அவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் என் கணவர். "எனக்குக் கண்ணு தெரியல. நடுவுல தெரியுது, ஓரம் தெரியல. டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு."

டாக்டரின் அறையை விட்டு வந்த நாளிலிருந்து அவர் வாயால் அதை நான் கேட்டதில்லை. மகளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஆரணிப் பையனிடம், சத்தமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷோரூமில், கலர் என்ன வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லைசென்ஸைத் தேடுகிற சாக்கில் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பையன் கெட்டிக்காரன். ஒன்றும் கேட்காமல் தானாகவே பின் சீட்டில் போய் உட்கார்ந்தான். என் கணவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, கதவைத் தடவிப் பார்த்துத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். சீட்டுக்குக் கீழே கையை விட்டு எதையோ தேடினார்.

"இந்த சீட்ட உசத்த முடியாதா?"

"ஹைட் அட்ஜஸ்ட்மென்ட் டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் சார்."

"ஏன், இங்க உக்கார்றது மனுஷன் இல்லையா?"

"இத்தனை வருஷம் நான் உக்காந்திருந்தேனே, அப்ப கேட்டீங்களா?" என்றேன்.

"நீ கேக்கலையே" என்றார்.

வண்டியை எடுத்தேன். ஷோரூம் வாசலிலிருந்து இறங்குவதற்குள் பின்னால் இரண்டு பேர் ஹாரன் அடித்தார்கள். இடது பக்கத்தைப் பார்ப்பது எனக்குப் பழகியதுதான், வலது பக்கம்தான் புதிது. அவர் ஏதாவது சொல்வார், பிரேக்கைப் பிடி என்பார், அவசரப்படாதே என்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

மெயின் ரோடு சிக்னலில் நின்றபோதுதான் அவர் பக்கம் திரும்பினேன். உடம்பையே என் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித் திரும்பினால்தான் நான் அவர் கண்ணுக்கு முழுசாகத் தெரிவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரோட்டில் வண்டிக்குள் அவர் என்னை இப்படித் திரும்பிப் பார்த்ததே கிடையாது. இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முன்னாடி பாருங்க" என்றேன்.

"அதான் நீ பாக்கறியே" என்றார்.