மணலில் காய்ந்த நூலகம்

கடல் இருந்தது, வானம் இருந்தது, மணல் வேண்டிய மட்டும் இருந்தது. எங்கள் குப்பத்தில் இல்லாதது நூலகம் ஒன்றுதான் என்பாள் அத்தை. நூலகம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. இல்லாத ஒன்றைப் பற்றி ஒருத்தி இத்தனை பேசினால் அது கடலைவிடப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்பிடி வல்லங்களுக்கு இன்ஜின் பூட்டத் தொடங்கியிருந்த காலம் அது. காரைக்கால் நகரத்தில் ஒரே கட்டடமாக, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தடித்த அட்டைப் புத்தகங்களோடு குந்தியிருந்த நூலகம், மெல்ல எழுந்து வயல்களுக்குள் நடக்கத் தொடங்கியது. திருநள்ளாற்றுப் பக்கம் ஒரு கிளை, அதைத் தாண்டி இன்னொரு கிளை என்று நெல் விளைகிற திசையெல்லாம் போயிற்று. கிழக்கே திரும்பிக் கடலைப் பார்க்கத்தான் மனசில்லை. "மீன் வாடைக்குப் பயந்துக்கிட்டு வரமாட்டேங்குது" என்பார் சித்தப்பா.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பத்தாவது முடித்தவள். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் டவுன் நூலகத்துக்கும் போய்வந்தாள். படிப்பு முடிந்ததும், வயசுப் பெண் தனியாக டவுனுக்குப் போவதாவது என்று வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவளுக்கு வாசிக்கக் கிடைத்ததெல்லாம் மளிகைப் பொட்டலத் தாள்தான். பிரித்து, நீவி, மிளகாய் விதையைத் தட்டிவிட்டு வாசிப்பாள். கதை பாதியில் கிழிந்திருக்கும். மீதி யார் வீட்டுப் பருப்போடு போயிற்றோ என்று முகம் வாடிவிடும். நூலகம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டால் அவளை யாரும் தடுக்க முடியாது. அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

ஊர் இடம் கொடுத்தால் அரசாங்கம் புத்தகம் கொடுக்கும் என்று ஒரு நாள் செய்தி வந்தது. பஞ்சாயத்து கூடியது. புத்தகத்தை வைத்து வலையா பின்ன முடியும் என்று சிரித்தார்கள். அடுத்த குப்பத்துக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று அப்பா சும்மா ஒரு வார்த்தை போட்டார். சிரிப்பு நின்றது. வலை வைக்கிற கொட்டகையை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

புத்தகங்கள் ஒரு காலையில் வேனில் வந்தன. சாயங்காலம் அதிகாரி வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. மரப்பெட்டிகளை இறக்கி, மூடியைப் பெயர்த்து, கொட்டகை வாசலில் வரிசையாக வைத்தார்கள். எட்டிப் பார்த்தேன். இத்தனை முதுகுகளா! சிவப்பு, நீலம், பச்சை, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல். அள்ளியதும் துள்ளாமல் கிடக்கிற மீனை முதல்முறை பார்க்கிறவள் மாதிரி நின்றேன். தொடப் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் புதுப் படகு வந்தால் சும்மா கடலில் இறக்க மாட்டார்கள். படகின் மூக்கான அணியத்தில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கடைசியாக ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்த எதற்கும் எங்களுக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். பெட்டிகளுக்குக் குங்குமம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, "அண்ணே, வேணாம்ண்ணே" என்று கத்துவதற்குள் சித்தப்பா வாளியைக் கவிழ்த்துவிட்டார்.

மஞ்சள் தண்ணீர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நிதானமாக இறங்கியது.

வேன் டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "என்னங்க இது, இதென்ன படகா? ஐயா வந்து பாத்தார்னா அத்தனையும் திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் இந்த ஊர்ப் பக்கம் ஒரு தாள் வராது" என்றார். சித்தப்பா காலி வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பெரியம்மாதான் முந்தானையைச் செருகினாள். "நின்னு பாத்தா காயுமா? எடுத்துப் போடுங்கடி."

கருவாடு காயப்போடுகிற மணலுக்குப் புத்தகங்கள் போயின. பழைய வலையை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார்கள். காற்று அள்ளிக்கொண்டு போகாமலிருக்க மேலே இன்னொரு வலை. ஓரத்து ஈயக்குண்டுகள் மணலில் அழுந்திப் பிடித்துக்கொண்டன. வயிறு காய்ந்ததும் முதுகு, முதுகு காய்ந்ததும் வயிறு என்று பெண்கள் குந்தியபடி புரட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். எழுத்து தெரியாத விரல்கள் ஒரு தாளையும் கிழிக்கவில்லை. என் கையில் கம்பைக் கொடுத்துக் காக்காய் விரட்டச் சொன்னார்கள். புத்தகத்தைக் காக்காய் தின்னுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காக்காய்களும் வழக்கம்போல வந்தன, ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போயின.

அப்போதுதான் கடல்காற்று எழுந்தது. வலைக்குள் கிடந்த அத்தனை தாள்களும் ஒரே சமயத்தில் படபடத்தன. கரைவலை நிறைய மத்தி அகப்பட்டுக் கரையேறும்போது கேட்குமே, அந்தச் சத்தம். மணல் முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகத் துடித்தது. கம்பு கையிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் நின்றேன். நூலகம் உயிரோடிருக்கிற ஒன்று என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றைக்கு வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் ஓடி ஓடிப் புரட்டிக்கொண்டிருக்க, அத்தை ஒரே ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாளைத் திருப்புவாள், வெகுநேரம் வெயில் காட்டுவாள், அடுத்ததைத் திருப்புவாள். "சீக்கிரம் அத்தை" என்றேன். காது கேட்கவில்லை அவளுக்கு. ஜீப் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து நின்றபோதுதான் அவள் விரல்களுக்கு வேகம் வந்தது.

அதிகாரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்துவந்தார். வலைக்கு அடியில் கிடந்த தன் நூலகத்தைப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"யாரு பண்ணுனது?"

"நான்தாங்க" என்றார் சித்தப்பா.

"இன்னும் ஒரு வெயில் காட்டுனா சரியாயிடும்ங்கய்யா" என்றாள் பெரியம்மா.

அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "மழையில ஒழுகுமா?"

"வலை வெக்கிற எடங்க. வலை நனைஞ்சா சோறு இல்ல. ஒழுக விடுவமா?" என்றார் சித்தப்பா.

அதிகாரி எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்தார். "பூசை முடிஞ்சிதுல்ல?"

"முடிஞ்சிதுங்க."

"இனிமே தண்ணி வேணாம். உள்ள எடுத்து அடுக்குங்க."

ஊரே குனிந்து அள்ளியது. நான் மட்டும் நியாயம் கேட்கிற குரலில், அதிகாரி காதுபடவே சொன்னேன்: "எல்லாரும் எவ்வளவோ காய வெச்சாங்க. அத்தை ஒண்ணே ஒண்ணுதான்."

பெண்கள் சிரித்தார்கள். அதிகாரி அத்தையைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அத்தை எழுந்திருக்கவே இல்லை. முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதில் வெட்கப்பட்டு அழுகிறாள் என்று நினைத்தேன். சமாதானம் பண்ணப் போய், அவள் மடியிலிருந்த புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதோ சுக்காகக் காய்ந்திருந்தது. காய்ந்துபோனதை எதற்கு இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், ஜீப் வரும்போது எதற்கு அப்படி அவசர அவசரமாகத் திருப்பினாள், எல்லாம் உள்ளே போகட்டும் என்று சொன்ன பிறகு எதற்கு அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் விரல் வைத்திருந்த இடத்திலிருந்து புத்தகம் முடிவதற்கு இன்னும் நாலைந்து தாள்தான் மிச்சமிருந்தது.