சைவக் கடையில் முட்டை வாடை

எங்கள் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் சேர்க்கக்கூட என் வீட்டுக்காரர் யோசிப்பார். கோயிலுக்கு வருகிறவர்கள் திருநீறு பூசிய நெற்றியோடு நம்பி உட்காரும் இடம் என்பார். அந்தக் கடையில்தான் ஒரு மத்தியானம், பாதிச் சாப்பாட்டில் எழுந்த ஜவுளி வியாபாரி ஒருவர் நேரே புறவாசலுக்குப் போய், குப்பைக்கூடையைக் கவிழ்த்து முட்டைத்தோடு தேடினார்.

தோடு கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, வாடை இருந்ததே! அழுகின முட்டை வாடை. எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த வருஷம் அது. சங்கரன்கோவிலில் குழாய்த் தண்ணீர் குடிக்கவே காணாது. எங்கள் கிணறும் வற்றிப்போக, புறவாசலில் போர் போட்டோம். தண்ணீர் பீறிட்டு வந்தபோது இருவரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அடுத்த மூச்சில் மூக்கைப் பொத்தினோம்.

கொதிக்க வைத்தால் போய்விடும் என்று கெட்டிக்காரி மாதிரி நான்தான் சொன்னேன். முக்கால்வாசி போகத்தான் செய்தது. தண்ணீரை விட்டுவிட்டுக் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சாம்பிராணி போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். சைவக் கடையில் முட்டை வேகிறது என்ற பேச்சு ஊரைச் சுற்றி வர அரை நாள்கூட ஆகவில்லை. காலையில் இட்லிக்கு ஆள் நின்ற இடத்தில் ஈ ஓட்டினோம். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் எங்கள் வருஷமே ஓடும். அதுவும் தவறினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கடையநல்லூர்க்காரர் ஒரு பாய், வளைகுடாவில் எரிவாயு ஆலையில் வேலை பார்ப்பவர். லீவில் வந்தால் பஸ் மாறுகிற நேரத்தில் எங்கள் கடையில் காப்பி குடிப்பார். அன்றைக்கு உள்ளே நுழைந்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த நாத்தத்துலேர்ந்து தப்பிக்கத்தானே அண்ணாச்சி ஊருக்கு வந்தேன், இங்கனயும் வந்துட்டா? இது முட்டை இல்ல, கந்தக வாயு. கேஸ்லேர்ந்து இதைப் பிரிக்கத்தான் அங்கன கோபுரம் கோபுரமா நட்டு வச்சிருக்கான். மேலேருந்து மருந்துத் தண்ணி விழும், கீழேருந்து கேஸ் ஏறும். மருந்து இந்த வாயுவைப் பிடிச்சு வச்சுக்கிடும்."

"நாங்க கோபுரத்துக்கு எங்க போவ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்குத் தண்ணிதானே, காத்தே போதும். டின்னுல ஓட்டை போட்டு அடுக்கி, கரியும் செங்கத் துண்டும் போட்டு ஒழுக விடுங்க. மெதுவா ஒழுகணும், அதான் முக்கியம்." கிளம்பும்போது என்னிடம் திரும்பினார். "மதினி, மூக்கை நம்பாதீங்க. இதுலயே கெடந்தா மூக்கு செத்துப்போவும். வெள்ளிச் சாமானைப் பாருங்க. வாயு இருந்தா கறுத்துரும்."

எண்ணெய் டின்களில் ஆணியால் ஓட்டை போட்டு, மூங்கில் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தை ஏற்றினார் என் வீட்டுக்காரர். ஏணியில் நின்று குடம் குடமாக ஊற்றுவார். இறங்கி மோந்து பார்ப்பார். மறுபடியும் ஏறுவார். ஒரு குடம் ஒழுகி முடிய அரைமணி நேரம் ஆகும். வாடை குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் பழையபடி வீசும். ஒரு நாள் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து அழுதார். அந்த மனுஷன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆடித்தபசு அன்று விடியும்போது அண்டா அண்டாவாகத் தண்ணீர் வேண்டியிருந்தது. மெதுவாவது ஒன்றாவது, குடத்தை அப்படியே கவிழ்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சத்தம்.

"ஏட்டி! வாடை போயிட்டுது! வந்து மோந்து பாரு!"

ஓடினேன். மோந்தேன். எனக்கும் வாடை வரவில்லை. சிந்திய தண்ணீரில் நின்றபடி காலைப் பார்த்தேன். முந்தின நாள்தான் சாம்பல் போட்டு வெள்ளை வெளேரென்று தேய்த்த வெள்ளி மெட்டி, சிலேட்டு நிறத்தில் கறுத்திருந்தது. பத்து நாளைக்குப் பிறகு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சேலையை இழுத்துக் காலை மூடினேன். "ஆமாங்க, போயிட்டுது" என்றேன்.

பந்தி நிறைந்தது. வெளியூர்ச் சனங்கள், பேச்சுக் காதில் விழாதவர்கள். புளியங்குடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் முதல் வாய் வைத்தார். மெல்லாமல் இலையிலேயே துப்பினார்.

"சைவக் கடைன்னு போட்டிருந்தத நம்பி வந்தேன். விரதக்காரன் வாயில இப்படியா?" என்றார். கோபம்கூட இல்லை, கண் கலங்கியிருந்தது. அவர் எழுந்தார். வரிசையே எழுந்தது.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சாம்பாரோடு கிடந்த சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "வாடையே இல்லையே அண்ணாச்சி! நல்லாத்தானே இருக்கு, நீங்களே பாருங்க!" என்று வாசல் பக்கம் பார்த்துக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் மோந்து பாத்தியே. சொல்லுட்டி அவங்ககிட்ட."

நான் சேலையை இன்னும் கீழே இழுத்துக் காலை மூடினேன். சரியான பாவி நான். அடுத்தவர் எச்சில் என்றுகூடப் பார்க்காமல் அவர் அந்த இலையை வழித்துத் தின்று முடிக்கும்வரை, சாம்பார் வாளியோடு பக்கத்திலேயே நின்றேன்.