கலைவேந்தன் சொன்ன அர்த்தம்

என் அக்கா புருஷன் உலகநாதன் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது நெட்டப்பாக்கத்தில் கரும்பு போடுகிறார். ஆகஸ்ட் பதினைந்துக்கு ஊர்ப் பள்ளியில் கொடியேற்றுவது அவர்தான். அந்த ஒரு நாளுக்காக வருஷம் பூரா மீசை வளர்க்கிறார் என்று கிண்டலடிப்போம்.

இந்த ஜூலையில் கலைவேந்தன் என்று ஒருத்தன் வீடியோ போட்டான். அரியாங்குப்பத்துக்காரன், பட்டாளத்தில் மாமாவின் ஜோடி; காவலுக்கு இரண்டு பேரையும் சேர்த்துத்தான் போடுவார்களாம். பட்டாளத்து பாஷைக்கு அர்த்தம் சொல்கிறானாம். சமையல்கூடம் லங்கர். முதுகுப்பை பிட்டு, அதை முழுப் பாரத்தோடு தூக்கி ஓடவிடும் தண்டனைக்கும் அதே பேர். நன்றாகத்தான் சொன்னான். அப்புறம் 'ஃபட்டு'வுக்கு வந்தான்.

"கிழியறதுன்னு இந்தி வார்த்தைலேர்ந்து வந்துது. பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம். எங்க கம்பெனில ஒரு ஃபட்டு இருந்தான், நெட்டப்பாக்கத்துக்காரன். வெடிச் சத்தம் கேட்டதும் துப்பாக்கிய போட்டுட்டு ஓடிட்டான்."

மாமா போனைக் கீழே வைத்தார். "ஓடுனது அவன்டா," என்றார். "ராத்திரி காவல்ல நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். பொண்டாட்டி மாசமா இருக்கா, வேல போயிடும்னு கால்ல வுழுந்தான். நான்தான்னு சொல்லிட்டேன்."

அடப்பாவி! ஜோடியின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வது அங்கே வழக்கமாம். பதினைந்து நாள் பிட்டு தூக்கி ஓடியிருக்கிறார் மனுஷன். பதவி உயர்வும் போயிற்று. அக்காவிடம்கூட மூச்சு விட்டதில்லை.

மறுநாளே அரியாங்குப்பம் போனோம்.

"இன்னா உலகு, உன் பேர சொன்னனா?" என்றான்.

"ஊர சொன்னியே. அங்க பட்டாளத்துக்காரன் நான் ஒருத்தன்தானடா. ஓடுனது யாருன்னு சொல்லிடு, போதும்."

அவன் சிரித்தான். "பிட்டு தூக்குனது நீதான? கம்பெனியே பாத்துது. இப்ப மாத்தி சொன்னா எவன் நம்புவான்?"

எனக்குக் கை துறுதுறுத்தது. மாமாதான் இழுத்து வந்தார். வண்டியில் வரும்போது என் முதுகில் முகம் புதைத்து அழுதார்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பள்ளியிலிருந்து டீச்சர் வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். இந்த வருஷம் வீடியோ போடறாரே, அவர கூப்புட்டிருக்கோம்."

"வாயத் தொறந்து சொல்லுங்களேன்!" என்று அக்கா கத்தினாள்.

பதினைந்தாம் தேதி காலையில் அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். நானும் கூடப் போனேன். பள்ளி மைக் சத்தம் கரும்புக் கொல்லைவரைக்கும் கேட்டது.

"பட்டாளத்துல ஜோடின்னா இன்னா தெரியுமா பசங்களா? அவனுக்காக எதையும் குடுப்போம்!" என்றான் கலைவேந்தன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார் மாமா.

"நெஜந்தான்டா," என்றார். "குடுத்தேன்."