போகாத கறை

சட்டையைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் கொண்டுவந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். "டீயா, மையா? உண்மையச் சொல்லுங்க, வீட்ல சொல்ல மாட்டேன்." பிறகு கறையை நகத்தால் சுரண்டி, முகர்ந்து, தீர்ப்பு வழங்குவார்: "போயிடும்." சலவைக்கடை வைத்த நாளிலிருந்து வேறு தீர்ப்பு வந்ததில்லை. ஊரில் 'போயிடும் அக்கா' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

ஊரார் அழுக்கையெல்லாம் வெளுக்கும் அவர் வீட்டில், தண்ணீரே படாத துணி ஒன்று இருந்தது: காக்கிக் கோட்டு. ஊரில் முதன்முதலாகப் பேருந்து ஓட்டிய பெண்ணுடையது; அவர் இவருடைய மாமியாரின் தமக்கை. முதல் நாளே வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. "பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்" என்று பின்சீட்டுக்காரர் சிரித்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் இறங்கி, எஞ்சினைச் சரிசெய்து, கிரீஸ் கையைக் கோட்டின் இடது கையில் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டாராம். அந்தக் கறைதான் குடும்பச் சொத்து. நகைக்காக முகம் திருப்பிக்கொண்ட சொந்தங்கள்கூட இதை ஒற்றுமையாகக் காத்தார்கள். காற்றாட விரிப்பார்கள், மடிப்பை மாற்றுவார்கள், துவைக்க மட்டும் மாட்டார்கள். "துவைச்சா அது வெறும் கோட்டுங்க" என்பார் அக்கா.

கோட்டைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்த அருங்காட்சியகத்தார் அதை எடுத்துப்போக வருவதற்கு முதல்நாள், நாத்தனார் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டார்.

"ஊரே பார்க்கப்போவுது அண்ணி. அழுக்கோட அனுப்பினா நம்ம கடை மானம் என்னாவறது?"

"உன் அக்கறைய உன் புருஷன் சட்டையில காட்டக் கூடாதா? எந்த சோப்புடி போட்ட?"

"நீங்க காய்ச்சுனதுதான். ரெண்டு மடங்கு போட்டேன்."

அக்காவின் முகம் வெளிறியது. அந்தச் சோப்பின் வீரத்தை அவரைவிட அறிந்தவர் யார்? எந்தக் கறையும் தப்பாது என்று ஊருக்கே சத்தியம் செய்தவர், தன் சரக்கு இந்த ஒருமுறை தோற்றுத் தொலையட்டும் என்று முணுமுணுத்தபடி வாளிக்குள் கைவிட்டார்.

காக்கி வெளுத்துப் பளபளத்தது. இடது கையில் கறை முன்பைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

"போகலைடி!" சொட்டச் சொட்டக் கோட்டோடு நாத்தனாரைக் கட்டிக்கொண்டார். வாசலில் சட்டையோடு காத்திருந்தவர்களை அன்று யாரும் கவனிக்கவில்லை.

உலர்ந்ததும் அவரே இஸ்திரி போட்டார். காலர், தோள், முதுகு எல்லாம் விறைத்து நின்றன. இடது கைக்கு வந்ததும் பெட்டியைத் தூக்கி, கறையைத் தாண்டி அப்பால் வைத்தார். விட்ட இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.