வாங்கின கடைக்கே போங்க

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம். அமீரகத்தில் புஜைரா கடற்கரை. எங்கள் கேரவனுக்குள் மகள் ரோஷினி தூங்குகிறாள். ஒன்பது வயது. கடலில் போட்ட ஆட்டத்தில் அப்படி ஒரு களைப்பு. நான் டீ போடலாம் என்று அடுப்புப் பக்கம் போனேன்... குப்பென்று மூக்கில் ஏறியது ஒரு வாசனை.

"ஏங்க, கேஸ் வாசனை வருது."

"நீ வச்சிருக்கிற கருவாடா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர் சேவியர், வெளியே நாற்காலியில் சாய்ந்தபடி.

தூத்துக்குடிக்காரிக்குக் கருவாடு எது, கேஸ் எது என்று தெரியாதா? பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டேன். அவள் படுப்பது அடுப்பை ஒட்டின கீழ்க் கட்டில். கேஸ் கசிந்தால் கீழேதான் தங்கும் என்று இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். எத்தனை வாரமாகக் கசிகிறதோ? அத்தனை வாரமும் அவள் அங்கேதான் தூங்கினாள்.

சேவியர் உள்ளே போனார். முகம் மாறி வெளியே வந்தார். வண்டிக்கு வெளியே முன்பக்கப் பெட்டியில் இருக்கிற சிலிண்டரை மூடிவிட்டு, "ரிப்பேர் பண்ணாம இதுல யாரும் படுக்கக் கூடாது" என்றார்.

கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. குவைத்தில் இருந்தபோது ஃபஹாஹீலில் ஒரு கடையில் ஆசைப்பட்டு வாங்கினோம். அப்புறம் இவருக்கு புஜைரா எண்ணெய்க் கிடங்கில் வேலை மாறியது. சவூதி வழியாக இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தோம். வாரண்டி இன்னும் முடியவில்லை. வளைகுடாவில் எங்கே போனாலும் செல்லும் என்று விற்றவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

அவருக்கே முதலில் போன் போட்டோம். பாசமாகப் பேசினார். இங்கே கொண்டு வாருங்கள், உடனே செய்து தருகிறேன் என்றார். கேஸ் கசிகிற வண்டியை இழுத்துக்கொண்டு, இரண்டு நாட்டு எல்லையைத் தாண்டி, கஸ்டம்ஸ்காரர் முன்னால் நிற்க வேண்டுமாம்!

சரி, அதே கம்பெனிக்கு ஷார்ஜாவில் ஒரு டீலர் இருக்கிறாரே? போனோம். சர்வீஸ் சூப்பர்வைசர் இம்ரான் பாய், லாகூர்க்காரர். வண்டியில் என்ன கோளாறு என்று கேட்கவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். குவைத் என்றதும், பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்பது போல ஒரு முகம். குளிர்கால சீசனாம், அவருடைய சொந்தக் கஸ்டமர்களே வரிசையில் நிற்கிறார்களாம். விற்றவர் ஒருவர், வேலை பார்ப்பவர் இன்னொருவரா என்று கேட்டார். வாங்கின கடைக்கே போங்கள் என்றார்.

கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறந்தோமா? இல்லை. இந்த ஊரில் நமக்கு ஒரு வியாதி உண்டு. சத்தம் போட்டால் சண்டை, சண்டை என்றால் போலீஸ், போலீஸ் என்றால் விசா... மனசு அப்படித்தான் ஓடும். உரிமையைக்கூட உதவி மாதிரிதான் கேட்போம். நாங்களும் "ப்ளீஸ் பாய், பிள்ளை தூங்குற இடம் பாய்" என்று கெஞ்சினோம். அவரும் கடைசியில் இறங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள், பார்க்கிறேன், ஆனால் பார்ப்பது மட்டும்தான் என்றார்.

பார்ப்பது மட்டும்! அந்த ஒரு பார்வையில் அவர் மனசு இளக வேண்டும். செவ்வாய் காலையில் நான் பினாயிலும் துணியுமாகக் கேரவனுக்குள் இறங்கினேன். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தேன். திரைச்சீலை மாற்றினேன். ஆனாலும் அந்தக் கருவாட்டு வாடை போவேனா என்றது. அந்த மனுஷன் மூக்கைப் பிடித்தால் மானம் போய்விடாதா? தூபக்காலில் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணி போட்டு, மூலை மூலையாகக் காட்டினேன். கரி அணையப் பார்த்தபோது, படியில் நின்ற ரோஷினி "நான் ஊதுறேம்மா" என்று வந்து ஊதினாள். பள்ளிக்கு லீவு போட்ட உற்சாகம் அவளுக்கு.

மலைப் பாதை தாண்டி ஷார்ஜா போய்ச் சேர்ந்தோம். இம்ரான் பாய் உள்ளே ஏறினார். மூச்சை நன்றாக இழுத்தார்.

"பஹுத் அச்சி குஷ்பூ" என்றார். நல்ல மணமாம். கேஸ் வாசனையே இல்லை, கலாஸ், அவ்வளவுதான், கொண்டு போங்கள் என்று இறங்கிவிட்டார்.

சேவியருக்கு ஒன்றும் புரியவில்லை. "அது எப்படி இல்லாம போகும்? இவருக்குத் தெரியணும்னுதானே காலையில சிலிண்டரைத் திறந்து வச்சேன்" என்று என்னைப் பார்த்தார். "கிளம்புறப்பதான் மூடினேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எப்போ திறந்தீங்க?"

"நீ குளிக்கப் போனப்ப. திறந்துட்டு பெட்ரோல் போடப் போயிட்டேன்."

"நான் குளிக்கப் போகலைங்க... இதுக்குள்ளதான் இருந்தேன். கருவாட்டு வாடைன்னு நினைச்சு, கரியைப் பத்தவச்சு சாம்பிராணி போட்டேன்."

இவர் வேலை பார்க்கிற இடத்தில் லைட்டரைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் கேரவனின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நெருப்புத் தெரியவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதின ரோஷினியின் முகம்தான் தெரிந்தது.

தமிழ் தெரியாத இம்ரான் பாய்க்கே ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது. என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவருக்கும் வியர்த்துவிட்டது. ஓடிப் போய் சோப்புத் தண்ணீரும் கேஸ் அளக்கிற மீட்டரும் கொண்டு வந்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சிலிண்டரைத் திறந்து சோப்புத் தண்ணீரைத் தடவினார். அடுப்புக்குப் பின்னால், குழாய் சேர்கிற இடத்தில், நுரை முட்டை முட்டையாகக் கிளம்பியது. கதவும் ஜன்னலும் திறந்திருந்ததுதான் உங்களைக் காப்பாற்றியது என்றார். தரையில் கேஸ் வெளியேற ஓட்டைகளும் இருக்கின்றனவாம். இல்லையென்றால்... என்று ஆரம்பித்தவர் ரோஷினியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்கே வாங்கினது என்ற பேச்சே இல்லை. கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார். விற்றது யாராக இருந்தால் என்ன, இந்த வண்டியை இப்படியே என் கேட்டைத் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று அவர் போட்ட சத்தத்தை நாங்கள் போட்டிருக்கவே மாட்டோம். வாரண்டியில் செய்ய அனுமதி வந்தது. வேலையும் முடிந்தது. நியாயத்துக்கு இறங்காதவர், கெஞ்சலுக்குப் பாதி இறங்கினவர், பயத்துக்கு முழுசாக இறங்கினார். அவரைச் சொல்லி என்ன? பயந்து பயந்து பேசினதில், ஆபத்தை விட்டுவிட்டு மரியாதையைக் காப்பாற்றப் போனவர்கள் நாங்கள்தானே?

திரும்பி வரும் வழியில் ரோஷினி பின் சீட்டிலிருந்து கேட்டாள். "அம்மா, நான் ஊதினது தப்பா?"

இல்லைடா என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. சேவியர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த ஒரே வண்டியில் அவர் ஒன்று செய்ய, நான் ஒன்று செய்ய... நடுவில் நின்றது அந்தப் பிள்ளை.

இப்போதெல்லாம் ஜெபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதென்றாலும் முதலில் கேட்டுவிடுகிறேன்: "ஏங்க, எதையாவது திறந்து வச்சிருக்கீங்களா?"