சட்டை போட்ட முதலாளி

பழனிசெட்டிபட்டியில் இருந்துகொண்டு டெல்லிப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தியும் படமும் அனுப்புவது என் வேலை. எங்கள் பக்கம் அவர்களுக்கு ஞாபகம் வருவது அணையில் தண்ணீர் ஏறினால், இல்லையென்றால் யானை ஊருக்குள் இறங்கினால். அதையும் 'மதுரை அருகே' என்றுதான் போடுவார்கள். அந்த மதுரைக்கு நாங்கள் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.

அதனால், தமிழ்நாட்டுச் சிறுதொழில்களைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது, திராட்சை விவசாயி படம் வேண்டும் என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்க்கையன்கோட்டையைத் தாண்டி, தெரிந்த அக்கா ஒருவரின் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன். கணவர் இறந்த பிறகு மூன்று வருடமாக அவரேதான் கொடி வெட்டிக் கவாத்துப் பண்ணி, மருந்தடித்து, பழம் எடுக்கிறார். ஆனால் விலை பேச வருகிற வியாபாரிகள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பளையாளு யாரும் இல்லையா?" என்பார்கள்.

"பேப்பர்ல மொதலாளின்னு வந்துட்டா, இனி ஒருத்தரும் அப்பிடிக் கேக்கமாட்டாகல்ல தம்பி?" என்றார் அக்கா.

அப்போது அவர் கூலிக்கு வந்த பெண்களோடு பந்தலுக்குக் கீழே பழம் வெட்டிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. எங்கள் பக்கம் தோட்ட வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் போடுவதுதான்.

"அஞ்சு நிமிசம் இருங்க தம்பி, நல்ல சேலை கட்டிட்டு வந்துர்றேன்."

நான் விடவில்லை. வெளிச்சம் போய்விடும் என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மையில், டெல்லிக்காரர்களுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கும். தோட்டத்துக்காரர் பெயரைப் பழப்பெட்டியில் எழுதுவது வழக்கம். அக்காவின் பெயர் எழுதிய பெட்டிகள் பின்னால் தெரியும்படி எடுத்து, 'உரிமையாளர்' என்று தெளிவாகக் குறிப்பும் எழுதி அனுப்பினேன்.

படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. பின்னால் இருந்த பெட்டிகளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தார்கள். அடியில், 'பழம் பறிக்கும் கூலித் தொழிலாளி'. போன் செய்து கேட்டேன். சட்டையைப் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது, நீங்கள்தான் தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று மாற்றினோம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

அந்த வாரமே எர்ணாகுளத்து வியாபாரி ஒருவர் அந்தப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்திருக்கிறார். படத்தில் இருந்தவரிடமே, "மொதலாளி எங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா விலையே பேசாமல் அனுப்பிவிட்டார்.

விடாமல் எழுதி எழுதி ஒரு திருத்தம் போட வைத்தேன். உள்பக்கத்து மூலையில் இரண்டு வரி. அதை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"படம் அம்புட்டுப் பெருசு, திருத்தம் இம்புட்டூண்டா?" என்று அக்கா சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த வருடம் மறுபடியும் திராட்சைப் படம் கேட்டார்கள். முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். அக்காதான், "வாங்க, எடுப்போம்" என்றார்.

"சேலை மாத்திட்டு வாங்கக்கா. எம்புட்டு நேரம்னாலும் இருக்கேன்" என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? வேலை செய்யிற ஆளுதான நானு?"

அதே சட்டையோடு வந்து நின்றார். சட்டைப் பைக்கு மேலே சிவப்பு நூலில் அவருடைய முழுப் பெயர், அதற்குக் கீழே 'உரிமையாளர்' என்று ஆங்கிலத்தில் தைத்திருந்தது. டெல்லிக்காரர்கள் படிக்க வேண்டுமே.

"அன்னைக்குப் பெட்டிய வெட்டிப்புட்டாக" என்றார். "இத எப்பிடி வெட்டுவாகன்னு பாப்போம். எடுங்க தம்பி."