மல்லிகாவுக்குச் சரித்திரம் இல்லை

துபாயில் கிரெடிட் கார்டு விற்பவனின் போனை எடுப்பவர்கள் இரண்டே வகை: கை தவறி எடுத்தவர்கள், வேறு யாரோ என்று நினைத்து எடுத்தவர்கள். "டூட்டியில இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க" என்று என்னைத் துண்டித்த புண்ணியவான்களே, உங்களையும் ஒரு நாள் வங்கி யாரென்றே தெரியாது என்று சொல்லலாம். எதற்கும் இதைக் கேட்டு வையுங்கள்.

கஃபீல் அம்மா

அஜ்மானில் எனக்குப் பக்கத்து ஃபிளாட் செந்தில்நாதன். டிராஃப்ட்ஸ்மேன். அவர் விசாவில் மனைவி மல்லிகா பதினோரு வருடம் இருந்தார். செந்திலின் கம்பெனியை மூடியதும் எல்லாம் தலைகீழ். நர்ஸ் வேலை பார்த்த மல்லிகா கிளினிக் விசாவுக்கு மாறி, கணவரையும் நாலாவது படிக்கும் மகள் தியாவையும் தன் விசாவில் சேர்த்துக்கொண்டார். இனி வீட்டுக்கு மல்லிகாதான் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பாளி.

எட்டு மாதத்தில் வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க, வருட வாடகைக்கு மல்லிகா பெயரில் செக்குகள் தர வேண்டும். செக் புத்தகம் தர வங்கி மறுத்துவிட்டது. இத்தனை வருடமும் கார்டு, லோன் எல்லாம் கணவர் பெயரில் இருந்ததால், மல்லிகாவுக்குக் கடன் சரித்திரமே இல்லையாம். செக் இல்லையென்றால் வீடு இல்லை. மல்லிகா நர்ஸ்கள் தங்கும் ரூமுக்கும், அப்பாவும் மகளும் திருச்சிக்கும் போக வேண்டியதுதான். "ஒரு கார்டு எடுத்து ஒழுங்காகக் கட்டுங்கள், சரித்திரம் தானாக வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கார்டு விண்ணப்பத்தில் மல்லிகா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது செந்தில் என்னைத் தனியாக இழுத்துச் சொன்னார்: "முன்னாடி சண்டை வந்தா, 'உன் விசாவ கேன்சல் பண்ணிருவேன்'னு நான் வெளையாட்டுக்குச் சொல்லுவேன் சார். இப்ப அவ ஒண்ணும் சொல்றதில்ல, சும்மா சிரிக்கிறா. அதான் பயமா இருக்கு."

கோவிந்தசாமி எங்கே?

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தானே நிற்கும்? கார்டைக் கொண்டுவந்த கூரியர்காரர், உறைமேல் அந்தப் பெயரைப் பார்த்து, கிளினிக் வரவேற்பறையில் நின்று, "மிஸ்டர் கோவிந்தசாமி கிதர் ஹே, பாய்?" என்று கூப்பிட்டிருக்கிறார். ஊசியும் கையுமாக ஓடிவந்த மல்லிகா, "கோவிந்தசாமி என் அப்பா, அவர் செத்துப் பல வருஷம் ஆச்சு" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கிறார். கூரியர்காரர் தலையைக் குனிந்து அனுதாபம் சொல்லிவிட்டு, 'வாடிக்கையாளர் காலமானார்' என்று பதிந்து கார்டைத் திருப்பி எடுத்துப்போய்விட்டார்.

மல்லிகா உயிரோடு இருப்பதை எங்கள் ஆபீசில் நிரூபிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. உயிரோடு இருக்கிறார் என்ற கடிதம் கிளினிக் லெட்டர்பேடில்தான் வேண்டும் என்றார்கள். அதையும் மல்லிகாவே டைப் அடித்தார். கடைசியில் கார்டைக் கையில் கொடுத்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்கப்பா கடைசிவரைக்கும் யார்கிட்டயும் அஞ்சு ரூவா கடன் வாங்கினதில்ல. செத்தவருக்குக் கார்டு குடுத்து, அதையும் பறிச்சிட்டுப் போயிட்டீங்களே சார்."

குங்குமப் பொட்டு

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சரித்திரம் இன்னும் பூஜ்யம். பதறிப்போய் வீட்டுக்கு ஓடினேன். கார்டு பூஜை அலமாரியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. தொடாமல் வைத்திருந்தால்தான் நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தாராம்.

தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார். ஆனால் சூப்பர் மார்க்கெட்டுக்குப் புறப்படும் முன்பே கார்டில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் பருப்பு வாங்கப் போனார். ஆபீசில் என் மேனேஜர், "வங்கிக்கே இந்த அம்மா கடன் கொடுக்கிறாரே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பில் வரட்டும், கெடு தேதிக்குள் கட்டுங்கள், அதற்கு முன் கட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அதுவரைக்கும் எனக்கு எப்படி சார் தூக்கம் வரும்? நைட் டூட்டி போட்டுக்கறேன்."

நாலு நாள் பாக்கி

சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு பில்லுக்கும் நைட் டூட்டி. ஒப்பந்தம் முடிய நாலு நாள் இருந்தது. செந்தில் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். தியாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. அன்று காலை கம்ப்யூட்டரில் மல்லிகாவின் பெயருக்கு நேராகக் கடன் மதிப்பெண் ஒன்று முளைத்திருந்தது. செக் புத்தகத்துக்கு அனுமதி வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. டார்கெட் முடித்த மாதங்களில்கூட அப்படி ஆனதில்லை.

சாயங்காலம் மல்லிகா செக்குகளில் கையெழுத்துப் போட்டார். செந்தில் கட்டிய பெட்டிகளைப் பிரித்தார். மனைவியின் கணக்கில் செந்திலுக்கு ஒரு துணைக் கார்டுக்கும் விண்ணப்பம் நிரப்பினேன். 'டிபெண்டென்ட்' என்ற கட்டத்தில் டிக் அடித்ததை எட்டிப் பார்த்த தியா, அம்மாவிடம் கேட்டாள்:

"மம்மி, நானும் உங்க டிபெண்டென்ட், டாடியும் உங்க டிபெண்டென்ட். ஸோ, நாங்க ரெண்டு பேரும் சிப்லிங்ஸா?"

கடனே வாங்காத ஒரு பெண்ணைக் கடன்காரியாக்கி, அவர் நம்பிக்கையானவர்தான் என்று நிரூபித்து, ஒரு குடும்பத்தை ஒரே வீட்டில் இருக்க வைத்ததுதான் இந்த வேலையில் நான் சேர்த்த ஒரே புண்ணியம்.